ஒட்டியிருக்கா? (அத்தியாயம் 14)

இரண்டு கட்டில் போட்ட அறையைத்தான் இந்த ஓட்டல்காரர்கள் எப்போதும் தலையில் கட்டுகிறார்கள். கோல்ராணி இரண்டாவது கட்டிலில், ஆட்டக் கோலை வைக்கும் தன் க்யூ பெட்டியைப் படுக்க வைத்திருந்தாள். ஒன்பது மாதமாக அந்தப் பெட்டிதான் அவளுக்குப் பக்கத்துக் கட்டில். குறட்டை விடாது, மின்விசிறியைக் குறைக்கச் சொல்லாது. கேட்டதற்குப் பதிலும் சொல்லாது, அதுதான் சங்கடம்.

காலையில் தேநீர் சொன்னாள். பிளாஸ்க்கோடு இரண்டு கோப்பை வந்தது. கை பாட்டுக்கு இரண்டிலும் ஊற்றிவிட்டது. ஒன்றைக் குடித்து முடித்தாள். மற்றதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஆறிப்போன பிறகு அதையும் அவளே குடித்தாள்.

கோல்ராணி என்பது போஸ்டருக்கு வைத்த பெயர். பத்தொன்பது வயதில் பில்லியர்ட்ஸ் மாதிரியான பூல் ஆட்டத்தில் இறங்கி, அலமாரி கொள்ளாமல் கோப்பை வாங்கி, முப்பது வயதில், அதே பந்துகளை வைத்து வேடிக்கை காட்டுகிற வித்தை ஷாட்டுக்கு மாறியவள். இப்போது நாற்பத்தாறு. கல்லூரி விழா, கம்பெனி விழா, கடைத் திறப்பு என்று ஊர் ஊராக ஒரு பச்சை மேஜையைச் சுற்றி வந்தே பாதி ஆயுள் கரைந்துவிட்டது.

அவளுடைய வீட்டுக்காரர் அந்தப் பச்சை மேஜையைப் பொருத்துகிறவர். துணிக்கு அடியில் இருக்கும் கல்பலகையைச் சமன் பார்த்து, மூட்டில் மெழுகு ஊற்றி, துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து அடிக்கிற வேலை. டேபிள்காரர் என்றால் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். பதினாறு வருடம் அவளுடைய நிகழ்ச்சிக்குப் பந்து அடுக்கியதும் அவர்தான். வித்தை ஷாட்டில் பாதி வித்தை அடுக்குவதில் இருக்கிறது. ஒரு பந்து இன்னொரு பந்தைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மயிரிழை இடைவெளி விழுந்தாலும் போச்சு, பந்து தன் இஷ்டத்துக்குக் கிளம்பிவிடும். "ஒட்டியிருக்கா?" என்று அவள் கேட்பாள். அவர் குனிந்து பார்த்து "ஒட்டியாச்சு" என்பார். அதன் பிறகுதான் அவள் கோலைத் தூக்குவாள்.

ஒன்பது மாதத்துக்கு முன் ஒரு கல்லூரி விழாவில் ஒட்டவில்லை. ஷாட் சொதப்பியது. அவள் மைக்கைப் பிடித்து, "ஒட்டியிருக்கா, ஒட்டியிருக்கான்னு மூணு தடவ கேட்டேன். என் வீட்டுக்காரருக்குக் கண்ணாடி மாத்தணும் போலிருக்கு!" என்று சொல்ல, எண்ணூறு பிள்ளைகள் விசிலடித்துச் சிரித்தார்கள். அவரும் சிரித்த மாதிரிதான் இருந்தது. மறுநாள் காலையில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இனிமே நமக்குள்ள ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். வாழ்நாளில் அந்த மனிதர் சொன்ன ஒரே சிலேடை அது. சிரிக்க முடியாத இடத்தில் வந்து சொன்னார்.

போன வாரம் மகள் போனில் சொன்ன செய்தி உங்களுக்கு நினைவிருக்கும். டேபிள்காரர் வெளிநாட்டு வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு வருடம். விமானம் ஏறும் ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி ரயில்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. முந்நூறு பேரை ஒரே நேரத்தில் சிரிக்க வைக்கிற வாய்க்கு, 'போகாதீங்க' என்கிற ஒரு சொல் வரமாட்டேன் என்கிறது. ஐந்து மணிக்குள் அதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வருடம். அவர் குணத்துக்கு அது எத்தனை வருடமாக நீளும் என்று யார் கண்டது?

மகள் பதினோரு மணிக்கு வந்தாள். கண் ஆஸ்பத்திரியில் பார்வை அளவு எடுக்கிற வேலை. இருபத்துமூன்று வயதாகியும் வீட்டில் பெயர் குட்டிதான். இன்றைக்குப் பந்து அடுக்க வந்திருக்கிறாள்.

"ரெண்டு கப்பு எதுக்கும்மா?"

"நீ வருவேன்னு."

"ரெண்டுலயும் டீக்கறை இருக்கு."

"கண்ணு பாக்குற வேலைய ஆஸ்பத்திரியோட வச்சுக்க."

குட்டி பையைக் கட்டிலில் போட்டாள். க்யூ பெட்டியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

"உன் கண்ணாடி ஜோக்குக்கு அப்புறம் அப்பா கண்ண நான்தான் செக் பண்ணினேன். உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

"என்ன ஆச்சு கண்ணுக்கு?"

"ஒண்ணும் ஆகல. சின்னப் பையன் கண்ணு மாதிரி இருக்கு. பந்துதான் தேஞ்சு போயிருந்துச்சாம். தேஞ்ச பந்து எப்படிம்மா ஒட்டும்? புது செட்டு வாங்கச் சொல்லி ஒரு வருஷமா சொல்லியிருக்காரு. நீதான் ராசியான பந்து, மாத்தமாட்டேன்னியாமே."

கோல்ராணி இரண்டு கோப்பையையும் தட்டில் கவிழ்த்து வைத்தாள். அவர் போன அடுத்த வாரமே யாருக்கும் சொல்லாமல் புது செட்டு வாங்கியவள் அவள். அப்படியானால் அவளுக்கே எங்கோ தெரிந்துதான் இருந்திருக்கிறது.

"போன் பண்ணிட்டியா அப்பாவுக்கு?"

"பண்ணணும்."

"எப்ப? ரயில் போன பிறகா?"

"ஷோ முடியட்டும்."

"ஷோ முடியட்டும். பொறந்ததுலேருந்து இதத்தான் கேக்குறேன்."

கோல்ராணி அன்றைய ஷாட்டுகளின் வரிசையை எழுதிய தாளை மகளிடம் நீட்டினாள். இந்த ஒன்பது மாதத்தில் அதில் மாறியது கடைசி ஷாட் மட்டும்தான்.

பழையது ஆறு பந்து நடுமேஜையில் ஒட்டி நிற்க, ஒரே அடியில் ஆறும் மேஜை ஓரத்தில் இருக்கும் ஆறு பாக்கெட்டுக் குழிகளுக்குப் போவது. அதற்கு அடுக்க ஓர் ஆள் வேண்டும், லேசுப்பட்ட ஆள் போதாது. புதியதற்கு யாரும் வேண்டாம். ஒரு மஞ்சள் பந்தை மெல்ல உருட்டிவிடுவாள். அது ஓரங்களில் இடித்துச் சுற்றிக்கொண்டு, நடுமேஜையைக் கடந்து, நடை பழகுகிற குழந்தை மாதிரி மூலைப் பாக்கெட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள், மற்ற பாக்கெட்டுகளின் வாயில் நிற்கும் நான்கு பந்துகளையும் அவள் பட்பட்டென்று தள்ளிவிட வேண்டும். மஞ்சள்தான் கடைசியில் விழும். ஒட்டே தேவையில்லாத ஷாட். ஓட்டல் அறைகளில் உட்கார்ந்து யோசித்து யோசித்து உருவாக்கினாள். போன இடமெல்லாம் கைதட்டினார்கள். இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு ஒருத்தி தனியாக இருந்திருக்கிறாளே என்று யாருக்கும் தோன்றவில்லை.

வழியெல்லாம் வாகன நெரிசல். அவர்கள் வணிக வளாகத்துக்குப் போய்ச் சேரும்போது மூன்று அடிக்கப் பத்து நிமிடம். கீழ்த்தளத்தின் நடுவில், கண்ணாடிக் கூரைக்கு நேர் கீழே மேஜை போட்டிருந்தார்கள். சுற்றிலும் கயிறு கட்டி, அதற்கு அந்தப் பக்கம் ஜனம்.

மேனேஜர் ஓடிவந்தார். "ஒத்திகைக்கு நேரமில்ல மேடம். ஆனா டேபிள் பக்காவா இருக்கு. காலையில ஏழு மணிக்கே ஒரு பெரியவர் வந்து போட்டுக் குடுத்தாரு. யார்கிட்டயும் ஒரு பேச்சு பேசல. பத்து மணிக்கெல்லாம் போயிட்டாரு."

பெரியவர் என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது. ஐம்பத்திரண்டு வயதில் பெரியவரா? இந்த ஒன்பது மாதத்தில் அப்படி என்ன ஆகிவிட்டார்?

அவள் மூலைப் பாக்கெட்டின் வளைவைத் தடவினாள். எல்லோரும் அந்த வளைவில் துணியை இரண்டு மடிப்பாக மடித்து அடிப்பார்கள். மூன்று மடிப்பு வைக்கிறவர் ஒருவர்தான். விரல் நுனியில் மூன்று மடிப்பும் பட்டது.

"குட்டி."

"ம். அப்பாதான். இங்க கடைசியா ஒரு வேலைன்னு இதத்தான் கேட்டு வாங்கினாரு."

"ஏன்டி சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னாரு. அவர் சொன்னத உன்கிட்ட சொல்ல மாட்டேன், நீ சொன்னத அவர்கிட்ட சொல்ல மாட்டேன். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா?"

காதோடு மாட்டுகிற மைக்கை மாட்டிவிட்டார்கள். முந்நூறு முகம். கோல்ராணிக்குச் சிரிப்பு தானாக வந்து முகத்தில் உட்கார்ந்தது. தொழில் அப்படி.

முதல் ஷாட் விழுந்தது. இரண்டாவதில், கோலால் அடிக்கிற வெள்ளைப் பந்து ஒரு கண்ணாடி டம்ளரைத் தாண்டிக் குதித்து அந்தப் பக்கம் இருந்த பந்தைப் போட்டது. குட்டி ஒவ்வொரு முறையும் பந்துகளை வைத்த மாத்திரத்தில் அவை அசையாமல் நின்றன. புதுத் துணியில், பழக்கமில்லாத கையில், இது நடக்கிற காரியமில்லை.

"பாத்தீங்களா, என் பொண்ணுக்கு என்ன கைராசின்னு!" என்றாள் மைக்கில். "இவ்வளவு நாளா இவள ஆஸ்பத்திரியில ஒளிச்சு வச்சிருக்காங்க!"

ஜனம் சிரித்தது. குட்டி வெட்கப்பட்டாள். ஆறு ஷாட் முடிந்தது. ஆறும் விழுந்தது.

ஏழாவது கடைசி ஷாட். மேனேஜர் பின்னணி இசையை நிறுத்தச் சொன்னார். குட்டி வேலை முடிந்ததென்று ஓரமாக நின்று போனில் படம் பிடிக்க ஆரம்பித்தாள். கோல்ராணி மஞ்சள் பந்தை உருட்டிவிட்டு நான்கு பந்துகளையும் சடசடவென்று போட்டு முடித்தாள். எல்லோரும் மஞ்சளைப் பார்த்தார்கள். அது ஆடி அசைந்து நடுமேஜைக்கு வந்தது. அங்கே எதிலோ கால் இடறினாற்போல் லேசாகத் திசை மாறி, பாக்கெட்டுக்கு ஒரு சாண் தள்ளி ஓரத்தில் போய் நின்றுவிட்டது.

"மஞ்சளுக்கு இன்னிக்கு மனசு சரியில்ல போல. இன்னொரு தடவ கேட்டுப் பாப்போம்."

இரண்டாவது தடவையும் அதே இடத்தில், அதே விலகல். இந்த முறை சிரிப்பு குறைவாக வந்தது. பின்வரிசையில் இரண்டு பேர் நகர ஆரம்பித்தார்கள்.

அவள் மேஜைமேல் கன்னம் படுகிற மாதிரி குனிந்தாள். கூரையிலிருந்து விழுந்த வெளிச்சத்தில் துணியின் நடுவே ஆறு சின்னப் புள்ளிகள் தெரிந்தன. உளுந்து அளவுகூட இருக்காது. பார்த்தவுடன் புரிந்துவிட்டது.

புதுத் துணி வழுக்கும், பந்துகள் ஒட்டி நிற்காமல் விலகும். வைக்க வேண்டிய இடத்தில் ஒரு பந்தை வைத்து, அதன் தலையில் இன்னொரு பந்தால் மெல்லத் தட்டினால் துணியில் ஒரு பள்ளம் விழும். பிறகு யார் வைத்தாலும் பந்து அதில் உட்கார்ந்துகொள்ளும். துணிக்குத்தான் கேடு. "புதுத் துணியில தட்டுறவன் கைய ஒடிக்கணும்" என்று டேபிள்காரர் எத்தனை கிளப்புகளில் சண்டை போட்டிருக்கிறார்! அந்த மனிதர் இன்று காலை, தானே இழுத்து அடித்த துணியில், அவளுடைய ஏழு ஷாட்டுக்கும் இடம் பார்த்துப் பார்த்துத் தட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அடுக்க ஆள் இல்லாமல் அவள் திண்டாடக் கூடாதென்று.

ஒன்றுதான் அவருக்குத் தெரியாது. கடைசி ஷாட் மாறிவிட்டது. அவர் பழைய ஆறு பந்துக்குத் தட்டிய பள்ளத்தில், அவள் தனியாக ஆடக் கண்டுபிடித்த மஞ்சள் இடறி விலகுகிறது.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அத்தனை பேர் நடுவில், கையில் கோலோடு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பிறகு மஞ்சளை எடுத்து ஓரமாக வைத்தாள். ஆறு பந்துகளை எடுத்து ஒவ்வொன்றாக அந்தப் புள்ளிகளில் வைத்தாள். ஒவ்வொன்றும் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்தது. வெள்ளைப் பந்தை வைத்து, கோல் நுனியில் சாக்பீஸ் தேய்த்து, கோலைத் தூக்கப் போனவள், மைக் உதட்டருகில் இருப்பதை மறந்து கேட்டுவிட்டாள்.

"ஒட்டியிருக்கா?"

ஒலிபெருக்கி அதை நான்கு மாடிக்கும் கொண்டு போனது. யாரும் பதில் சொல்லவில்லை.  ஜனம் அதுவும் வித்தையில் ஒரு பகுதி என்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. ஒன்பது மாதத்தில் அவள் இவ்வளவு தனியாக நின்றதில்லை.

அடித்தாள். ஆறு பந்தும் ஆறு திசையில் ஓடின. ஆறும் விழுந்தன. மேல்மாடிகளிலிருந்தெல்லாம் கைதட்டல் கொட்டியது. மேனேஜர் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார்.

அதற்கப்புறம் செல்ஃபி. ஒவ்வொருவராக வந்து தோளோடு தோள் நின்று, பல்லைக் காட்டி, நன்றி சொல்லிப் போனார்கள். அவள் கண் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது. ரயில் நிலையம் இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரம், நேரில் போய்ப் பிடிக்க முடியாது. போனாவது பண்ண வேண்டும். நாலே முக்காலுக்குத்தான் அவளை விட்டார்கள். ஒரு செருப்புக்கடையின் பின்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய அறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தாள்.

நான்காவது மணியில் எடுத்தார்.

"ஏங்க."

"ம்." பின்னால் ரயில் நிலையத்து இரைச்சல் கேட்டது.

"மேஜை ரொம்ப நல்லா இருந்துச்சு."

"ம்." கொஞ்சம் பொறுத்து, "கடைசி ஷாட்டு எப்படிப் போச்சு?" என்று கேட்டார்.

 உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? உங்கள் பள்ளம்தான் இரண்டு முறை கெடுத்தது என்றால், இந்த மனிதர் கூனிக் குறுகிப் போவார். ஏற்கெனவே ஒருமுறை மைக்கில் குற்றம் சொல்லி அவரைத் துரத்தியாயிற்று. ரயிலேறப் போகிற நேரத்தில் இன்னொரு குற்றமா? அவர் மனம் நோகக் கூடாது. அது ஒன்றுதான் அப்போது அவள் நினைத்தாள்.

"நல்லாப் போச்சுங்க. ஒரே அடி."

"இடைஞ்சல் ஒண்ணும் இல்லையே? துணியில?"

"ஒரு இடைஞ்சலும் இல்ல."

 துண்டித்துவிட்டாரோ என்று அவள் போனை எடுத்துப் பார்த்தாள். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அப்ப சரி," என்றார் கடைசியில். "எல்லாம் தனியாவே நல்லா நடக்குதுன்னா சரி. உடம்பப் பாத்துக்க."

"ஏங்க, ஒரு நிமிஷம்..."

வைத்துவிட்டார்.

கதவைத் தள்ளிக்கொண்டு குட்டி வந்தாள். "பேசிட்டியா? என்னம்மா சொன்னாரு?"

"கடைசி ஷாட்டு எப்படிப் போச்சுன்னு கேட்டாரு. நல்லாப் போச்சுன்னேன். மஞ்சள் கதையெல்லாம் சொல்லல. பாவம், எதுக்கு வருத்தம்?"

குட்டியின் முகம் மாறியது.

"அம்மா... அப்பாவுக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"மஞ்சப் பந்து ரெண்டு தடவையும் ஒரே இடத்துல விலகுச்சுல்ல? அந்த வீடியோவ அப்பவே அனுப்பி, ஏம்ப்பா இப்படிப் போவுதுன்னு கேட்டேன். டேபிள்ல கோளாறோன்னு பயந்துட்டேன். தபால்காரி வேலை பாக்கணும்னு பாக்கல."

"என்ன சொன்னாரு?"

குட்டி தன் போனைத் திருப்பிக் காட்டினாள். வீடியோவுக்குக் கீழே அவர் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்.

'நான்தான்.'

"ஆறு பந்து விழுந்தத அனுப்பினியா?"

"இல்லம்மா. நீ அழுற மாதிரி நின்னியா, நான் படம் புடிக்கறத நிறுத்திட்டேன்."

கோல்ராணி ஓர் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். எல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார். தப்பு என்மேல் என்று சொல்ல வாய் வராத மனிதர், இடைஞ்சல் இருந்ததா என்று கேட்டு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார். ஆமாம், நீங்கள் இல்லாமல் முடியவில்லை என்று அவள் சொல்வாளா என்று பார்த்திருக்கிறார். அவளோ அவரை நோகடிக்கக் கூடாதென்று பொய் சொல்லி, அந்தக் கதவை அவர் முகத்திலேயே சாத்திவிட்டாள். மஞ்சள் விழாவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் வேண்டாம் என்று சொன்ன மாதிரிதானே அவர் காதில் விழுந்திருக்கும்?

"திரும்பப் பண்ணும்மா. சீக்கிரம்."

பண்ணினாள். ஸ்விட்ச் ஆஃப் என்றது. மறுபடியும் பண்ணினாள். அதே குரல் அதே பதிலை அதே மரியாதையோடு சொன்னது.

செய்திப் பக்கத்தைத் திறந்தாள். ஒன்பது மாதத்துக்கு முன் அவர் கடைசியாக எழுதியது அப்படியே கிடந்தது: 'உன் சார்ஜர் என் பையில வந்துடுச்சு.' அதற்குக்கூட அவள் பதில் போட்டிருக்கவில்லை.

 

'ஆமா. நீங்கதான்' என்று எழுதினாள். ஒரு நிமிடம் அதையே பார்த்தாள். அடுத்த வரியில், வாய்க்கு வராத அந்தச் சொல்லையும் எழுதினாள். 'போகாதீங்க.'

அனுப்பினாள். ஒரு டிக் விழுந்தது. போய்ச் சேர்ந்ததைச் சொல்லும் இரண்டாவது டிக் விழவில்லை. மணி ஐந்தாக இரண்டு நிமிடம் இருந்தது.